கொழுந்தனார் வீட்டு முகவரியைக் காட்டி மகளைப் பள்ளியில் சேர்க்கலாமா?

செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர். துவாசில் ஷிஃப்ட் வேலை. இவர் நிரந்தரவாசி, மருந்தகம் ஒன்றில் வேலை பார்க்கிறார். குடியுரிமை உள்ள மகளுக்கு இந்த ஆண்டு ஆறு வயது நிறைகிறது, அடுத்த ஜனவரியில் தொடக்கநிலை ஒன்று. மகனுக்கு இரண்டு வயது.

வட்டாரத்தில் எல்லோரும் போட்டி போடும் ஒரு தொடக்கப்பள்ளியில் மகளைச் சேர்க்க இவருக்கு ஆசை. கைப்பேசி வரைபடத்தில் நடந்துபோகும் வழியைப் போட்டுப் பார்த்ததில் 1.3 கிலோமீட்டர் வந்ததாம். அதனால் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்குக் கிடைக்கும் முன்னுரிமை தங்களுக்கு இல்லை என்று முடிவு செய்துவிட்டார். பாசிர் ரிஸில் இருக்கும் தோழியின் மகனுக்கோ, அப்பா அந்தப் பள்ளியில் படித்தவர் என்பதால் இடம் ஏறக்குறைய உறுதி. கொழுந்தனார் வீடு பள்ளிக்கு மிக அருகில் இருக்கிறது. "அடையாள அட்டையில் எங்கள் முகவரியை ஏழெட்டு மாதம் போட்டுக்கொள்ளுங்கள், இடம் கிடைத்ததும் மாற்றிக்கொள்ளலாம், ஊரில் எல்லோரும் செய்வதுதானே" என்று ஓரகத்தியே சொல்லிவிட்டாராம்.

கடிதத்தை இப்படி முடிக்கிறார்: "நாங்களும்தான் வரி கட்டுகிறோம். நாங்கள் இந்த ஊரில் படிக்கவில்லை என்பது என் மகளின் குற்றமா? கடைசியில் குலுக்கல் என்று ஒரு சூதாட்டம் வேறு. இது நியாயமா? வழக்குப் போட முடியுமா? கொழுந்தனார் முகவரியைப் போட்டால் என்ன தப்பு?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் சில தகவல்கள் சரியில்லை. அவற்றை நம்பித்தான் ஒரு குற்றத்தின் வாசல்வரை போயிருக்கிறீர்கள். ஆகவே நியாயத்தைப் பேசுவதற்கு முன் தூரத்தைப் பேசுவோம்.

முதலில் தூரத்தைச் சரியாகப் பாருங்கள்

கல்வி அமைச்சு நீங்கள் நடந்துபோகும் வழியை அளப்பதில்லை. 2022ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து, பள்ளி நிலத்தின் எல்லைக்கும் உங்கள் புளோக்குக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த தூரம்தான் கணக்கு. அதற்கு முன்பு பள்ளிக்குள் இருக்கும் ஒரு புள்ளியிலிருந்து அளந்தார்கள். பெரிய திடல் உள்ள பள்ளி என்றால் இந்த ஒரு மாற்றமே தூரத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும். சாலை வளைவு, சிக்னல், மேம்பாலம் ஏறி இறங்குவது எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் 1.3 கிலோமீட்டர். நேர்கோட்டில் அளந்தால் ஒன்றுக்குள் வந்துவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒன்மேப் என்ற அரசாங்க வரைபட இணையத்தளத்தில் இதற்கென்றே பள்ளித் தேடல் வசதி உண்டு. உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் ஒரு கிலோமீட்டருக்குள் எந்தெந்தப் பள்ளிகள், ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே எவை என்று பிரித்துக் காட்டிவிடும். இந்தக் கடிதத்தை மேலே படிப்பதற்கு முன்பே கூட அதைப் பார்த்துவிட்டு வரலாம்.

அடுத்து, நீங்கள் நிரந்தரவாசி என்பதால் மகள் பின்னால் தள்ளப்படுவாள் என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் வேண்டாம். பார்ப்பது பிள்ளையின் குடியுரிமையை. தாயின் நிலையை அல்ல. பதிவு 1, 2ஏ, 2பி, 2சி என்று கட்டம் கட்டமாக நடக்கும். உங்கள் மகள் பதிவு செய்யப்போகும் 2சி கட்டத்தில் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால், ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் குடிமக்கள் பிள்ளைகள், அடுத்து ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் வரை உள்ளவர்கள், பிறகு அதற்கு அப்பால் உள்ளவர்கள் என்று வரிசை போகும். அதன் பிறகுதான் நிரந்தரவாசிப் பிள்ளைகள், அதே தூர வரிசையில். எந்த இடத்தில் இருக்கைகள் தீர்கின்றனவோ அந்தப் பிரிவுக்குள் மட்டும்தான் குலுக்கல். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெயர் பெற்ற பள்ளிகளில் முதல் கிலோமீட்டருக்குள்ளேயே குலுக்கல் நடக்கிறது. ஆக, கொழுந்தனார் முகவரியைப் போட்டாலும் உங்களுக்குக் கிடைப்பது குலுக்கலில் ஒரு சீட்டுதானே தவிர, பள்ளியில் ஓர் இடம் அல்ல.

கொழுந்தனார் முகவரி

"ஏழெட்டு மாதம்" என்ற கணக்கே உதவாது. தூர முன்னுரிமையில் சேரும் பிள்ளை, பதிவு தொடங்கும் நாளிலிருந்து குறைந்தது 30 மாதங்கள் அந்த முகவரியில் குடியிருக்க வேண்டும் என்பது விதி. அதாவது உங்கள் மகள் தொடக்கநிலை இரண்டை முடிக்கும் காலம்வரை. அதற்குள் வீடு மாறினால், அமைச்சு அவளை இடமிருக்கும் வேறொரு பள்ளிக்கு மாற்றலாம். நடுவில் பிடிபட்டால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளை, வகுப்பில் தோழிகள், பிடித்த ஆசிரியை எல்லோரையும் விட்டுவிட்டு, காரணமும் புரியாமல் இன்னொரு பள்ளிக்குப் போய் நிற்பாள். தண்டனை முதலில் விழுவது அவள் மேல்.

சட்டப்படி பார்த்தால், அரசு ஊழியருக்குத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டத்தின் 182ஆம் பிரிவில் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். குடியிருக்காத முகவரியை அடையாள அட்டையில் பதிவது தேசியப் பதிவுச் சட்டத்தின் கீழ் தனிச் சிக்கல். தெரிந்தே உடன்பட்ட கொழுந்தனாரும் ஓரகத்தியும் கூட மாட்டிக்கொள்ளலாம். நீங்கள் நிரந்தரவாசி; நாளைக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு குற்றப்பதிவு உங்கள் கோப்பில் இருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. "எல்லோரும் செய்கிறார்கள்" என்பதும் உண்மையில்லை. செய்து மாட்டிக்கொண்டு வழக்கறிஞர் அலுவலக வாசலில் வந்து நிற்பவர்கள் அதை அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிவதில்லை, அவ்வளவுதான்.

சரி, நேர்மையான வழி ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. உங்கள் ஓரகத்திக்கு இது தெரிந்திருக்காது. தாய் தந்தை இருவருமே வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையைத் தாத்தா பாட்டியோ பெற்றோரின் உடன்பிறந்தவரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்றால், பார்த்துக்கொள்பவரின் முகவரியை வைத்துப் பதிவு செய்ய அமைச்சு அனுமதிக்கிறது. அதற்கான உறுதிமொழியை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அந்த ஏற்பாடு உண்மையாகவும் தொடர்ந்தும் நடக்க வேண்டும். உங்கள் கடிதப்படி மகள் வெள்ளிக்கிழமை மாலை மட்டும் சித்தப்பா வீட்டுக்குப் போகிறாள். மற்ற நாட்களில் பராமரிப்பு நிலையத்தில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமையை மட்டும் வைத்து "அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று கையெழுத்துப் போட்டால் அதுவும் பொய்தான்.

ஒரு பேச்சுக்கு, ஓரகத்தி வீட்டில்தான் இருக்கிறார், அவருக்கு மனம் இருக்கிறது, மகளுக்கும் அங்கே இருக்கப் பிடிக்கிறது, தினமும் அங்கே விட்டு அழைத்து வருவதுதான் உங்கள் ஷிஃப்ட் வாழ்க்கைக்குச் சுலபம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதை ஒரு குடும்ப முடிவாக எடுங்கள். எடுத்த பிறகு, எந்தத் தேதியிலிருந்து நடந்திருக்க வேண்டும், என்னென்ன பத்திரம் வேண்டும் என்று அமைச்சிடமே கேளுங்கள். பள்ளிக்காகப் பிள்ளையின் அன்றாடத்தை மாற்றிவிட்டு, அப்புறம் இரண்டு குடும்பமும் மூன்று ஆண்டு முகம் பார்க்க முடியாமல் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். உறவு சம்பந்தப்பட்ட ஏற்பாட்டில் அவசரம் கூடாது.

இது நியாயமா?

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால்தான் எங்கே நியாயம் இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரியும்.

அண்ணனோ அக்காவோ இப்போது அங்கே படித்தால், முதல் கட்டத்திலேயே இடம் உறுதி. இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இரண்டு பிள்ளைகளை இரண்டு பள்ளி வாசலில் ஒரே நேரத்தில் விட எந்தத் தாயாலும் முடியாது. நாளைக்கு உங்கள் மகனுக்கும் இந்த விதிதான் கைகொடுக்கும்.

2ஏ கட்டம்தான் உங்களை உறுத்துவது. அப்பா, அம்மா அல்லது மூத்த பிள்ளை அங்கே படித்திருந்தாலோ, பெற்றோர் அங்கே வேலை பார்த்தாலோ, பள்ளி ஆலோசனைக் குழுவில் இருந்தாலோ, அதே வளாகத்தில் உள்ள அமைச்சின் பாலர் பள்ளியில் பிள்ளை படித்தாலோ இந்தக் கட்டம். முன்னாள் மாணவர் உறவு பள்ளிக்கு ஓர் அடையாளத்தையும் பிடிப்பையும் தருகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையிடம் "உன் அப்பா எங்கே படித்தார்?" என்று கேட்கும் விதி, குடியேறி வந்த குடும்பத்துக்கு ஒரு தலைமுறை முழுக்கக் கதவை மூடிவிடுகிறது. உங்கள் கணவர் கும்பகோணத்தில் படித்தவர். எவ்வளவு உழைத்தாலும் அதை மாற்ற முடியாது. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் இந்த முன்னுரிமை இன்னும் சுருங்க வேண்டும் என்பதுதான் என் கருத்தும்.

ஆனால் "அவர்களே எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள்" என்று நீங்கள் எழுதியது சரியில்லை. ஒவ்வொரு பள்ளியும் 60 இடங்களைப் பிந்தைய கட்டங்களுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். 2பி கட்டத்துக்கு 20, உங்களைப் போல எந்த முன் தொடர்பும் இல்லாதவர்கள் வரும் 2சி கட்டத்துக்கு 40. இந்த 40 என்பது 2022இல்தான் வந்தது. அதற்கு முன் 20ஆக இருந்தது. இதனால் 2ஏ கட்டத்திலேயே குலுக்கல் நடக்கும் பள்ளிகளும் உண்டு. உங்கள் தோழியின் மகனுக்கும் இடம் உறுதி என்று சொல்லிவிட முடியாது. பெற்றோர் பேசிப் பேசித்தான் இந்த மாற்றம் வந்தது. ஆகவே பேசுவதில் பயன் இல்லை என்று நினைக்காதீர்கள்.

2பி கட்டத்தில் பெற்றோர் தொண்டூழியர்கள், பள்ளியோடு தொடர்புள்ள தேவாலயம் அல்லது குலச்சங்கத்தைச் சேர்ந்தவர்கள், சமூக அடித்தளத் தலைவர்கள் வருவார்கள். தொண்டூழியத்துக்கு முந்தைய ஆண்டு ஜூலை 1க்குள் சேர்ந்து, பதிவு ஆண்டின் ஜூன் 30க்குள் 40 மணி நேரம் முடித்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தேதி கடந்துவிட்டது. அலுவலகத்தில் விடுப்பு எடுக்க முடிகிறவருக்கு 40 மணி நேரம் பெரிதல்ல. இரவு ஷிஃப்ட் முடித்துத் துவாசிலிருந்து வீட்டுக்கு வந்து படுக்கும் மனிதருக்கு அது எவ்வளவு என்று உங்களுக்குத்தான் தெரியும். இந்த விதி பார்ப்பதற்கு உழைப்புக்கு மரியாதை கொடுப்பது போல இருக்கும். உண்மையில் ஓய்வு நேரம் உள்ளவருக்குத்தான் மரியாதை.

தூர விதியும் அப்படி ஒன்றும் குற்றமற்றது அல்ல. பிள்ளை பக்கத்துப் பள்ளிக்கு நடந்து போவது நல்லதுதான். ஆனால் புக்கிட் தீமா போன்ற இடங்களில் ஒரு கிலோமீட்டருக்குள் வீடு வாங்க யாரால் முடியும்? இந்தப் பிரச்சினையின் ஒரு பகுதி, பள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பதிலேயே இருக்கிறது. ஆங்கிலோ-சைனீஸ் தொடக்கப்பள்ளி 2030இல் தெங்காவுக்கு இடம் மாறி, பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் என்று அறிவித்திருப்பது, புதிய நகரங்களில் வாழும் இளம் குடும்பங்களுக்கு ஒரு நல்ல செய்தி. முன்னுரிமை விதியைத் திருத்துவதைப் போலவே பள்ளியைக் குடும்பங்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டு வருவதும் நியாயம்தான்.

இப்போது குலுக்கல். இதை நீங்கள் சூதாட்டம் என்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை, சகோதரி. இவ்வளவு விதிகளில், உன் அப்பா யார், உன் வீடு என்ன விலை, உன் அம்மாவுக்கு எத்தனை மணி நேரம் ஓய்வு என்று எதையுமே கேட்காதது குலுக்கல் ஒன்றுதான். ஒரே பிரிவில் நிற்கும் பிள்ளைகளில் உங்கள் மகளுக்கும் அமைச்சர் மகளுக்கும் அதில் ஒரே வாய்ப்பு. தோற்றால் வலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே உங்களை யாரும் தாழ்த்தவில்லை. உங்கள் கோபத்தைக் குலுக்கல் மேல் செலவழிக்காமல், குலுக்கலுக்கு முன்னால் போய்விடும் இடங்களின் மேல் வையுங்கள்.

வழக்குப் போடலாமா?

அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் விதி, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. 16ஆம் விதி, பொது அமைப்புகள் நடத்தும் கல்வி நிலையங்களின் சேர்க்கையில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. படித்தவுடன் நம்பிக்கை வரும். ஆனால் ஒரு நியாயமான நோக்கத்துக்காக மக்களை வகைப்படுத்துவதை நீதிமன்றங்கள் பொதுவாக அனுமதிக்கின்றன. பள்ளித் தொடர்பு, தூரம் ஆகியவற்றை அந்த வகையில் சேர்த்துத்தான் பார்ப்பார்கள் என்பது என் மதிப்பீடு. வென்றாலும்கூட நீதிமன்றம் உங்கள் மகளுக்கு ஓர் இருக்கை கொடுத்துவிடாது. அதற்குள் அவள் தொடக்கநிலை மூன்றுக்கு வந்திருப்பாள். இந்த வழியில் பணத்தைப் போடாதீர்கள்.

நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்ப்பது வேறு. மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போய் "என் மகளுக்கு இடம் வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டால் ஒரு கடிதம் எழுதித் தருவார்; குலுக்கல் முடிவை அது மாற்றாது. "2சி கட்டத்துக்கு ஒதுக்கும் இடத்தை இன்னும் கூட்டுங்கள், ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள்" என்று கேட்டால், நாடாளுமன்றத்தில் எழுப்ப அவருக்கு ஒரு கேள்வி கிடைக்கும். உங்கள் கணவர் நேரில் போய் ஷிஃப்ட் அட்டவணையைக் காட்டிப் பேசட்டும்.

இந்த ஆண்டு என்ன செய்யலாம்

ஜூன் கடைசி அல்லது ஜூலைத் தொடக்கத்தில் பதிவு ஆரம்பிக்கும். ஒரு கட்டத்தில் ஒரு பள்ளிக்குத்தான் பதிய முடியும், அதனால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2சி குலுக்கலில் தோற்றால், அடுத்து வரும் 2சி துணைக் கட்டத்தில் மிச்சம் இடமுள்ள பள்ளிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். அங்கேயும் கிடைக்காவிட்டால் அமைச்சே ஒரு பள்ளியில் இடம் ஒதுக்கும். அது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆசைப்பட்ட பள்ளியை முயன்றுவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது, புளோக்குக்குக் கீழே இருக்கும் நல்ல பள்ளியும் நிரம்பியிருக்கலாம். உண்மையான ஆபத்து இதுதான். இதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை இடம், எத்தனை விண்ணப்பம், எந்தத் தூரத்தில் குலுக்கல் என்று அமைச்சு வெளியிடுகிறது. சென்ற ஆண்டுகளின் விவரத்தை எடுத்து, உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள மூன்று நான்கு பள்ளிகளுக்குப் பாருங்கள். பக்கத்துப் பள்ளியில் 2சி முடிந்த பிறகும் இடம் மிஞ்சுவது வழக்கம் என்றால், ஆசைப்பட்ட பள்ளியைத் தைரியமாக முயலலாம். 2சியிலேயே நிரம்பிவிடுகிறது என்றால், பக்கத்துப் பள்ளியையே நேரடியாகப் பதிவதுதான் நான் சொல்லும் வழி. இன்று எடுக்கும் முடிவு மகனுக்கும் சேர்த்துத்தான். அக்கா எங்கே படிக்கிறாளோ அங்கே அவனுக்கு முதல் கட்டத்தில் இடம் உண்டு.

"அந்தப் பள்ளியில் சேர்ந்தால் உயர்நிலைப்பள்ளி தானாக வந்துவிடும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பள்ளிக்கு இணைந்த உயர்நிலைப்பள்ளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிறைய தொடக்கப்பள்ளிகளுக்கு அப்படி ஒன்று கிடையாது. இருந்தாலும் அதில் சேர மதிப்பெண் வேண்டும். 2019 முதல் அத்தகைய உயர்நிலைப்பள்ளிகள் 20 விழுக்காடு இடங்களை வெளிப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்குகின்றன. தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வு எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான்.

தமிழைப் பற்றியும் கேட்க வேண்டும். சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் தாய்மொழியாகச் சீனம் மட்டுமே உண்டு. மற்றப் பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு பள்ளியிலேயே நடக்கிறதா, தமிழ் ஆசிரியர் அங்கேயே இருக்கிறாரா, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று தொலைபேசியில் கேளுங்கள். போட்டிக்குப் பெயர் போன பள்ளி இதில் பின்தங்கியும், யாரும் பேசாத பக்கத்துப் பள்ளி முன்னே நின்றும் பார்த்திருக்கிறேன்.

மகளிடம் என்ன சொல்வது?

மாலையில் அந்தப் பள்ளி வேலிக்கு வெளியே நிறுத்தி, உள்ளே பேண்ட் வாத்தியம் பழகும் பிள்ளைகளைக் காட்டி, "இதுதான் உன் பள்ளிக்கூடம்" என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்துங்கள். குலுக்கலில் பெயர் வராவிட்டால், அவள் இழப்பது ஒரு விண்ணப்பத்தை அல்ல, "தன் பள்ளியை". தான் ஏதோ தப்புச் செய்ததால்தான் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று ஆறு வயதுப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். முடிவு வரும் நாளில் அவள் காதுபட அழுவதோ, தோழியின் மகனோடு ஒப்பிடுவதோ வேண்டாம்.

அதற்குப் பதிலாக, இந்த வாரம் கணவருக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் நான்கு பேருமாகப் பக்கத்துப் பள்ளிவரை நடந்து போய்ப் பாருங்கள். பொதுவரவேற்பு நாள் எப்போது என்று அலுவலகத்தில் கேட்டு, மகளையும் உள்ளே அழைத்துப் போங்கள். நூலகம், திடல், சிற்றுண்டிச்சாலை எல்லாவற்றையும் அவளே பார்த்துக் கேள்வி கேட்கட்டும். ஒன்மேப் என்ன காட்டியது, சென்ற ஆண்டு விவரங்கள் என்ன சொல்கின்றன என்று ஜூன் மாதத்துக்குள் எனக்கு எழுதுங்கள். கொழுந்தனாரிடம் முகவரி வேண்டாம் என்பதை நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். உதவ நினைத்த மனிதர், அவருக்கும் ஆபத்து உண்டு என்று தெரிந்தால் புரிந்துகொள்வார்.